குரல் பதிவு அனுப்ப வேண்டாம்

பவுடர் பூசாமல் சொல்லிவிடுகிறேன். அந்த வட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தது நான், அதன் சட்டதிட்டங்களை எழுதியது நான், அதனால் வந்த பாராட்டையெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டதும் நான். இப்போது யாராவது அதைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சொல்பவர்கள் மீது கோபம் வந்து என்ன பயன், அவர்களுக்குத் தெரியாதே.

எங்கள் வீடு பதுளைக் கடைவீதியில் இருக்கிறது. கீழே அப்பாவின் பாத்திரக் கடை, மேலே நாங்கள். அங்கிருந்து பசறை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் ஒரு முடக்கு வளைவில் இறங்கி, தேயிலைக்கு நடுவே அரை மணி நேரம் மேலே நடந்தால் நான் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடம் வரும். தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொடிக்கம்பம். எனக்கு நான்காம் வகுப்பு. இருபத்தாறு பிள்ளைகள்.

முதலில் கடிதம்தான் கொடுத்துப் பார்த்தோம். பெற்றோர் கூட்டம் என்றாலும், பரீட்சை என்றாலும், தடுப்பூசி என்றாலும் ஒரு கடிதம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் தற்செயலாக எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். பதினோரு கையெழுத்து ஒரே ஊதாப் பேனையில், ஒரே மாதிரி வால் சுழித்து இருந்தது. பின்வாங்கில் இருக்கிற பிள்ளை ஒன்று இடைவேளையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் அம்மாமாருக்கெல்லாம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பிடித்து நாலு கேள்வி கேட்டபோது, "எங்க அம்மா காலையில பெரட்டுக்குப் போயிரும் டீச்சர், வரயில இருட்டிப்போயிரும், அப்ப கேட்டா திட்டும்" என்றது. பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்துச் சனத்தையெல்லாம் ஓரிடத்தில் கூட்டி, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது. அந்தப் பிள்ளை சொன்ன காரணத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடிதம் என்றாலே எனக்கு வெறுத்துப் போயிற்று.

பெற்றோர் கூட்டமும் அப்படித்தான். காலை பத்து மணிக்கு வைப்போம். இருபத்தாறு பிள்ளைகளுக்கு மூன்று பேர் வருவார்கள். அந்த நேரத்தில் மலையை விட்டு இறங்கி வந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பத்து மணிக்கு வைப்போம். பிறகு ஆசிரியர் அறையில் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "இதுகளுக்கு எங்க அக்கறை" என்போம். இதுகள் என்றுதான் சொல்வோம். நான் சொன்னதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் நாக்குக் கூசியதில்லை.

கொரோனாவில் பள்ளி மூடியபோதுதான் குரூப் வந்தது. பாடத்தைப் படம் பிடித்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். பள்ளி திறந்த பிறகும் நான் அதை விடவில்லை. கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை, திருட்டு ஊதாப் பேனை இல்லை. தினமும் பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது 'இன்றைய கற்றல்' என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதுவேன். என்ன படிப்பித்தேன், வீட்டில் என்ன செய்து காட்டலாம், நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும். கூடவே கரும்பலகை, பிள்ளைகளின் சித்திரம், கொப்பி என்று படங்கள். போட்ட ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரும், கும்பிடும் கைகள் வரும். அந்தக் கட்டைவிரல்களில் முக்கால்வாசி கொழும்பில் சாப்பாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும் நிற்கிற அப்பாமாருடையது என்பதும், பிள்ளையோடு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிற அம்மாவிடம் போனே இல்லை என்பதும் எனக்கு உறைக்கவேயில்லை. கட்டைவிரலை எண்ணுவதிலேயே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

மாதப் பரீட்சைப் புள்ளிகளையும் குரூப்பில் போட்டேன். பேர், புள்ளி, முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் சிவப்பு நிறம். 'சிவப்பில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் உடனடியாகக் கவனம் எடுக்கவும்' என்று அடியில் ஒரு வரி. ஊருக்கு நடுவே வைத்து ஒன்பது வயதுப் பிள்ளையின் மானத்தை வாங்குகிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிப்படைத்தன்மை என்று தோன்றியது. அந்தச் சொல்லை வலயக் கல்விக் காரியாலயத்துக் கூட்டமொன்றில் பொறுக்கி வந்திருந்தேன்.

இந்தக் குரூப்பில் எனக்கு ஒரேயொரு தலையிடி, குரல் பதிவுகள். கேள்வி கேட்டால் எழுதிப் பதில் போடாமல் சிலர் பேசி அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். திறந்தால் முதலில் காற்று இரையும், பிறகு யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், அதற்குள் ஒரு அம்மா, "டீச்சர், வணக்கங்க, நல்லா இருக்கீங்களா" என்று ஆற அமர ஆரம்பிப்பாள். ஒருநாள் பசறை பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது கை தவறிப் பட்டு அப்படி ஒன்று சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டது. "டீச்சர், புள்ளைக்கு காச்சல் வுட்டுருச்சுங்க, ஆனா இருமுது" என்று பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்து சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அதே தமிழ்தான். அப்பா கடையில் பேசுவதும் அதே தமிழ்தான். ஆனால் பஸ்ஸில் நாலு பேர் நடுவே அது என் போனிலிருந்து வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் முகம்கூடக் கழுவாமல் குரூப்பின் நெற்றியில் எழுதி வைத்தேன்: 'குரல் பதிவு அனுப்ப வேண்டாம். பதில்கள் எழுத்தில் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்.'

அதன் பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஒரு நம்பரிலிருந்து மட்டும் வந்துகொண்டே இருந்தது. அது ஒரு கங்காணியின் நம்பர். கொழுந்து எடுக்கும் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போகிற கங்காணி, அவருடைய பேரன் என் வகுப்பில் படித்தான். வட்ஸ்அப் படத்தில் மோட்டார் சைக்கிள் மேல் கூலிங்கிளாசோடு உட்கார்ந்திருப்பார். காலை ஏழு மணிக்கு மேல் அவரிடமிருந்து வரிசையாக மூன்று நாலு குரல் வரும். இந்த மனிதனுக்கு வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டு, ஒன்றையும் கேட்காமல் எல்லாவற்றையும் அழிப்பேன். எத்தனை மாதம் அப்படி அழித்தேன் என்று கணக்கில்லை.

வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து குரூப்பைப் பார்த்துச் சொக்கிப்போனார். "பெற்றோரை இப்படித்தான் டீச்சர் வழிக்குக் கொண்டுவரணும்" என்றார். அதிபருக்கு உச்சி குளிர்ந்தது. பிற்பாடு பதுளையில் ஒரு மண்டபத்தில் என் குரூப்பைச் சுவரில் பெரிதாகக் காட்டி, மற்ற ஆசிரியர்களை அதன் விதிகளைக் கொப்பியில் எழுதச் சொன்னார்கள். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். நான் முன்வரிசையில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நடக்கக் கூடாதது நடந்து முடிந்திருந்தது, இருந்தும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நடந்தது இதுதான்.

அந்தப் பள்ளித் தவணையில் போக்குவரத்து என்று ஒரு பாடம். பஸ், லொறி, கப்பல், கோச்சி என்கிற ரயில் என்று படம் காட்டிக்கொண்டிருந்தேன். முன்வாங்கில் ஒரு பெண் பிள்ளை. மேல் லயத்துப் பிள்ளை, ஒல்லி, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல், கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. அவள் எழுந்து, "டீச்சர், கோச்சிக்கு ஸ்டியரிங் எங்க இருக்கும்?" என்றாள்.

"கோச்சிக்கு ஸ்டியரிங் கிடையாது. அது தண்டவாளத்துல தானாப் போகும்."

"அப்ப டிரைவர் எதுக்கு டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. "நேர்ல பாக்கத்தானே போறோம், அவர்கிட்டயே கேளு" என்று சொல்லி உட்கார வைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. இடைவேளையில் மற்றப் பிள்ளைகளிடம், நான் கோச்சி டிரைவர்கிட்டப் பேசப் போறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பதுளைக்கே வருடத்தில் ஒரு தடவை, தீபாவளித் துணிக்குத்தான் வருவார்கள். ஸ்டேஷன் பக்கம் ஒருவரும் போனதில்லை.

கல்விச் சுற்றுலா அவ்வளவு பெரிதொன்றும் இல்லை. பள்ளியிலிருந்து பஸ்ஸில் பதுளை ஸ்டேஷன், அங்கிருந்து தெமோதரை வரை கோச்சி, அங்கே ரயில் பாதை சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைவதைப் பார்ப்பது, அங்கே வந்து நிற்கும் அதே பஸ்ஸில் திரும்பி வருவது. வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. அதிகாரியும் கூட வருவதாகச் சொன்னார். பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் எடுத்து, போன் திரையைப் படமெடுத்து அச்சடித்து, கோவையில், அதாவது ஃபைலில், போட வேண்டும் என்றார். நான் குரூப்பில் போட்டேன்: 'பிள்ளையின் பெயரும் சம்மதம் என்ற சொல்லும் எழுத்தில் வர வேண்டும். வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வருபவை சேர்க்கப்படமாட்டா.'

வியாழன் இடைவேளையில் மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். இருபத்தைந்து சம்மதம் வந்திருந்தது. கங்காணியின் நம்பரில் வழக்கம்போல ஒரு குரல் பதிவு கிடந்தது. அந்தப் பெண் பிள்ளை கொப்பி திருத்தக் கொண்டுவந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், அது கங்காணி ஐயா நம்பர்" என்றாள். "எங்க அம்மா அதுலதான் பேசுச்சு. காலையில நானும் கூட நின்னேன்."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குரல்ல அனுப்பக் கூடாதுன்னு போட்டிருக்கில்ல. எழுதத் தெரியாட்டி யார்கிட்டயாவது எழுதி வாங்கி அனுப்பச் சொல்லு" என்றேன். சொல்லிக்கொண்டே அந்தப் பதிவின் மேல் விரலை அழுத்தி அழித்தேன். அவள் கண் முன்னால்தான். குப்பையைக் கூட்டித் தள்ளுவதுபோலத் தள்ளினேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

அப்போது மணி பன்னிரண்டு. அவளுடைய அம்மா மலையில். அப்பா கொழும்பில், அவர் கொடுத்திருந்த நம்பரும் மாறிப்போயிருந்தது. இரண்டு மணிக்குள் அவள் யாரிடம் போய் எழுதி வாங்குவாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. இரண்டு மணிக்கு இருபத்தைந்து பேரோடு பட்டியலை மூடி அதிபரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் முடக்கில் வந்து நின்றபோது அவளும் வந்து நின்றாள். வெள்ளைச் சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் ஒரு ஷொப்பிங் பை. அதில் சோற்றுப் பார்சலும், ஒரு எலுமிச்சம்பழமும், மடித்த சேலைத் துண்டும் வெளியே தெரிந்தன. அதிபர் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். இருபத்தைந்தாவது பேரோடு அதிபர் தாளை மடித்தார். அவள் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

"ஒம் பேர் இதுல இல்லையேம்மா" என்று அதிபர் என்னைப் பார்த்தார்.

அவளும் என்னைப் பார்த்தாள். முன்சீட்டில் அதிகாரி கோவையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார், அவரும் பார்த்தார். அந்த நேரம் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அவளுடைய அம்மா பேசியிருக்கிறாள் என்று தெரியும், நான் அழித்தேன் என்றும் தெரியும். "சேர், இது என் தப்பு, பிள்ளையை ஏற்றுவோம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதிகாரி முன்னால் என் குரூப்பில் ஓட்டை இருக்கிறது என்று ஆகிவிடுமே. அதற்குப் பயந்து நான் சொன்னது இது:

"அவங்க அம்மா பதில் போடல சேர். நான் என்ன செய்யிறது?"

பிள்ளை அழவில்லை. "சரிங்க டீச்சர்" என்று காலைப் படியிலிருந்து எடுத்தாள். "மூணாம் வகுப்புல போய் இரு" என்றேன். தலையாட்டினாள். பஸ் கிளம்பியது. முடக்கு திரும்பும்வரை நான் நேரே முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அதிகாரி தன் சாப்பாட்டுப் பையை அதில் கொண்டுவந்து வைத்தார்.

கோச்சியில் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள், குகைக்குள் போனபோது பயந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தெமோதரையில் எஞ்சின் டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பிள்ளைகளைப் பார்த்துக் கையாட்டினார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏழெட்டுப் படம் எடுத்து, மகிழ்ச்சி பொங்கும் முகங்கள் என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. சீ, என்ன பிழைப்பு. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை, கொஞ்சம் உறுத்தியது, அவ்வளவுதான். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பகல், வகுப்பு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது, காலில் செருப்பில்லை, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. கொழுந்துக் கறையும் வியர்வையும் கலந்த வாடை வர, நான் என்னையறியாமல் ஓரடி பின்னால் போனேன். அவள் அதைப் பார்த்தாள், தானும் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"மேல் லயத்து புள்ளயோட அம்மாங்க" என்றாள். "பாடம் நடக்கயில வந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்தால் எப்படி மடக்குவது என்று அந்த ஒரு நொடியிலேயே மனதில் வார்த்தையும் தேடிவிட்டேன். பட்டியல் இருக்கிறது, விதி இருக்கிறது, நேரம் குறித்துப் போட்டிருக்கிறேன். "என்னம்மா விஷயம்?" என்றேன்.

அவள் மடியிலிருந்து ஒரு போனை எடுத்தாள். பொலித்தீன் உறையில் சுற்றியிருந்தது. "கங்காணி ஐயா போனுங்க. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். நான் பேசுனது இதுல இருக்குன்னு சொன்னாரு. எங்க தப்பு வுட்டேன்னு எனக்குத் தெரியலைங்க. நீங்க கேட்டுப் பாத்துச் சொன்னீங்கன்னா அடுத்த தடவ சரியாப் பேசிருவேன்."

போனை என் கையில் தந்தாள். நான் வெளியே விறாந்தைக்கு வந்தேன். அந்தப் பெண் பிள்ளையும் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். வேறு வழியில்லை, பதிவை அழுத்திப் போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். நான் கேட்க மறுத்த குரல் என் காதுக்குள் பேசியது.

"டீச்சர், வணக்கங்க. மேல் லயத்து புள்ளயோட அம்மா பேசுறேன். புள்ள கோச்சிக்கு வரட்டுங்க, எனக்குச் சம்மதம். எழுத வராதுங்க, அதான் பேசுறேன். பஸ்ல ஏறுனா வாந்தி எடுக்கும், எலுமிச்சம்பழமும் சீலத் துண்டும் குடுத்து வுடுறேன். ஜன்னலோரம் ஒக்கார வச்சா கைய வெளிய நீட்டும், அத மட்டும் பாத்துக்கங்க. அப்புறங்க, பின்னம் பின்னம்னு போட்டிருந்தீங்களே. ரொட்டிய நாலாப் பிச்சு வச்சுக் காட்டுனேன், இப்ப வெளங்கிருச்சுன்னு சொல்லுது. அவ்வளவுதாங்க. வச்சிர்றேன்."

குரல் தெளிவாக இருந்தது. ஒரு வார்த்தை தேயவில்லை. பின்னம் பற்றிப் போட்டபோது வந்த கட்டைவிரல்களை நான் எண்ணியிருந்தேன். ரொட்டியை எடுத்து உண்மையிலேயே பிய்த்துக் காட்டிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியாது. போதாததற்கு, அந்தத் தவணை அறிக்கையில் அவள் பிள்ளையின் பேருக்கு எதிரே 'பெற்றோர் ஆர்வம் காட்டுவதில்லை' என்று என் கையால் எழுதிவைத்திருந்தேன்.

"பின்னம்னு போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பெரட்டுல வாசிப்பாங்கல்லங்க" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "வேல பிரிச்சுக் குடுத்த பொறகு கங்காணி ஐயா போனப் பாத்து, டீச்சர் நேத்து என்ன போட்டிருக்காங்கன்னு சத்தமா வாசிப்பாரு. நாங்க எல்லாரும் கேட்டுட்டுத்தான் மலைக்கு ஏறுவோம். கேள்வி இருந்தா, மேல பாறைகிட்ட கவரேஜ் கெடைக்கிற எடத்துல நின்னு அவரு போன்லயே பேசி வுடுவோம். புள்ளைங்க மார்க்கும் வாசிச்சாருங்க. செவப்புன்னு இவ பேரச் சொன்னாரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அது பரவாயில்லங்க, தெரிஞ்சுக்கிட்டேன்ல."

அந்தக் காலைக் குரல்கள் எல்லாம் வேறு வேறு அம்மாமாருடையவை. பத்து மணிக் கூட்டத்துக்கு வராதவர்கள், இதுகள் என்று நாங்கள் சொன்னவர்கள், குளிரில் வரிசையாக நின்று என் நாலு வரியைக் கேட்டுவிட்டு, பாறையில் ஏறி நின்று எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அழித்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் இவள் போய்ப் பெரட்டில் சொல்வாள், கங்காணி கேட்பார், அதிபர் காதுக்குப் போகும், அதிகாரியின் கோவையில் இடிக்கும். எல்லாம் கண் முன்னால் ஓடியது.

"நீங்க சரியாத்தாம்மா பேசியிருக்கீங்க. கவரேஜ் இல்லாம எனக்குச் சரியா வந்து சேரல போலிருக்கு. வந்ததுல ஒண்ணும் கேக்கல, வெறும் காத்துச் சத்தம்" என்றேன்.

இதற்கு மேல் கேவலமாக ஒரு பொய் சொல்ல முடியாது. அவள் அதை அப்படியே நம்பினாள். முகம் தெளிந்துகூட விட்டது.

"நானும் அதான் நெனச்சேங்க" என்றாள். "பக்கத்துல வேலய மேய்க்கிற கணக்கப்புள்ள நின்னாரு. வேலை நேரத்துல போன் பேசுறியான்னு ஏசுவாருன்னு வாய்க்குள்ளயே பேசிட்டேன் போல." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீயும் கூடத்தானே நின்ன. நான் மெதுவாவா பேசுனேன்?"

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் விரல் அந்தப் பதிவை அழித்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அது எங்க அம்மா என்று அன்று எனக்குச் சொன்னவளும் அவள்தான். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் முடிந்தேன். சொல்லிவிடட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. அவள் என் முகத்தில் என்ன பார்த்தாளோ தெரியாது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமாம்மா" என்றாள். "மெதுவாத்தான் பேசுன."

"அத அங்கேயே சொல்லித் தொலைக்க வேணாமா? திருப்பிப் பேசியிருப்பேன்ல, நீயும் கோச்சிக்குப் போயிருப்ப" என்று அம்மா மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். போனை வாங்கிப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டே மேலும் நாலு வார்த்தை திட்டினாள். பிள்ளை வாயைத் திறக்காமல் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், நானும் வாயைத் திறக்கவில்லை.